அடுப்புச் சாம்பலும் குசினிக் கழிவும்

பதுளைப் பகுதித் தோட்டக் குடியிருப்புகளில், விறகடுப்பு எரியும் வீடுகளிலே, பொழுது விடிந்ததும் நடைபெறும் முதல் வேலைகளுள் ஒன்று முந்திய நாட் சாம்பலை அள்ளி வெளியே கொட்டுதலாகும். பல வீடுகளில் அது லயத்தின் முன்னே ஓடும் கானிற் கொட்டப்படுகின்றது. மரக்கறித் தோலும், தேயிலைச் சக்கையும், பாத்திரங் கழுவிய நீரும் அதே கானையே சேர்கின்றன. இக்காலத்தில் பொலித்தீன் பைகளும் அவற்றுடன் கூடிவிட்டன. அடுத்த மழையில் யாவும் கீழே அடித்துச் செல்லப்படும். கானுக்குக் கீழே ஒருவரின் மரக்கறிப் பாத்தி உண்டு. அதற்குங் கீழே ஓடையும், ஓடைக் கரையில் நெல்வயலும் உண்டு. கழிவைக் கொட்டிய வீட்டாரே மறுவாரம் கடைக்குச் சென்று பசளைப் பொதி வாங்குகின்றனர். கானிலே விட்ட சத்தின் ஒரு பங்கையே அவர்கள் விலை கொடுத்து மீட்கின்றனர் எனலாம்.

இவ்விழப்பின் அளவு 2021ஆம் ஆண்டில் நன்கு உணரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. முன்னேற்பாடாகச் சேதனப் பசளை சேர்த்து வைக்காத கமக்காரர் இடைப்பட்ட மாதங்களிற் பெரிதும் இடர்ப்பட்டனர். 2022ஆம் ஆண்டிலோ பசளையின் விலை எளியோர் கைக்கு எட்டாததாயிற்று. இதனைக் கொண்டு இரசாயனப் பசளையே வேண்டாம் என்று முடிவு செய்தல் தவறு. ஒரு வீட்டின் கழிவுக் குவியல் ஓர் ஏக்கர் வயலுக்கு வேண்டிய நைதரசனை ஒருபோதும் தரமாட்டாது. ஆயினும் வீட்டின் பின்னுள்ள நாலைந்து பாத்திப் போஞ்சிக்கும் கீரைக்கும் அது பேருதவியாகும். அன்றியும், மண்ணிற் கலந்த மக்கு, விலைக்கு வாங்கி இடும் பசளை மழையிற் கரைந்தோடாதவாறு பிடித்து வைக்கும். சரிவு நிலத்தில் இந்நன்மையே பெரிது.

சாம்பலை முதலிற் கவனிப்போம். தேயிலை நிலம் புளிப்புத் தன்மை உடையது. தேயிலைக்கு அதுவே ஏற்றது. ஆனால் கோவா, போஞ்சி, பீற்றூட் முதலிய மரக்கறிகளுக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. தோட்டக் காணியில் மரக்கறி செய்வோர், பசளை இட்டும் பயிர் தேறவில்லை என்று குறைகூறுமிடத்து, மண்ணின் புளிப்பே பலமுறை காரணமாயிருக்கும். விறகுச் சாம்பலிற் சுண்ணாம்பும் பொற்றாசியமும் உள்ளன. ஒன்று புளிப்பைக் குறைக்கும். மற்றது பயிருக்கு உணவாகும். நடுவதற்கு முன்னர் ஒரு சதுர யார் நிலத்துக்கு இரண்டு கைப்பிடி வீதம் தூவி, மம்பட்டியால் மண்ணுடன் கலந்துவிடுதல் போதும். மிகுதியாக இட்டால் நன்மை கூடும் என்று எண்ணி ஆண்டுதோறும் கூடை கூடையாகக் கொட்டுவது நிலத்தைக் கெடுக்கும்.

உருளைக்கிழங்குப் பாத்திக்குச் சாம்பல் இடலாகாது. புளிப்புக் குறைந்த மண்ணிற் கிழங்கின் தோலிலே சொறிநோய் மிகும். வெலிமடைப் பக்கத்தார் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளல் வேண்டும். தேயிலைச் செடியின் அடியிலும் சாம்பலைக் கொட்டலாகாது. சாணத்துடனோ யூரியாவுடனோ சாம்பலைக் கலந்து வைத்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை எழும். அவ்வாடையாய்ப் பறந்து போவது பயிருக்குரிய நைதரசனே. சாம்பல் மழையில் நனைந்தால் அதிலுள்ள பொற்றாசியம் கரைந்துவிடும். ஆதலின், நன்கு ஆறிய பின்னர் மூடியுள்ள பழைய தகரத்தில் அதனைச் சேர்த்து வைப்பதே முறை. பொலித்தீன் எரித்த அடுப்பின் சாம்பல் மரக்கறிப் பாத்திக்கு உதவாது.

இனிக் குசினிக் கழிவு. இதனைக் கூட்டெரு ஆக்குவதற்குச் சமதரையிலே குழி வெட்டுவோர் பலர். மலைச்சரிவிலுள்ள வீடுகளுக்குக் குழி பொருந்தாது. குழியில் மழைநீர் தேங்கி மண்ணுள் ஊறும். நீரூறிய சரிவு என்ன செய்யும் என்பதை, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதையுண்டபோது நாடு முழுவதும் கண்டது. அப்பேரழிவு பெருமழையால் நேர்ந்தது; குப்பைக் குழியால் அன்று. ஆயினும் சரிவில் வாழ்வோர் வீட்டைச் சுற்றி நீரைத் தேங்க விடுவதும், கழிவைக் கொட்டிக் கானை அடைப்பதும் தமக்குத் தாமே ஆபத்தைத் தேடிக்கொள்வதாகும். ஆகவே இங்கு ஏற்றது நிலத்தின் மேல் எழுப்பும் குவியலே. கானிலிருந்தும் பீலியிலிருந்தும் விலகிய, சற்றே மேடான இடம் அதற்கு வேண்டும்.

நான்கு கம்புகளை நட்டு, மூன்றடி நீளமும் மூன்றடி அகலமுமாக ஒரு கூடு அமைக்கலாம். காற்றுப் புகுவதற்காக அடியிற் சுள்ளிகளைப் பரப்புக. அதன்மேல் வைக்கோல் அல்லது காய்ந்த சருகு ஒரு படை. குசினிக் கழிவும் பச்சிலையும் ஒரு படை. சாணக் கரைசல் சிறிது தெளித்து, மெல்லிய மண் ஒரு படை. இவ்வாறே மூன்றடி உயரம் வரும்வரை அடுக்குதல் வேண்டும். காய்ந்தது பச்சையிலும் இருமடங்கேனும் இருத்தல் அவசியம். பச்சை மிகுந்தால் குவியல் நாறும், ஈ மொய்க்கும். பச்சிலைக்கு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. தெருவோரங்களில் மஞ்சட் பூக்களுடன் புதராய் வளரும் காட்டுச் சூரியகாந்தியின் இலையில் நைதரசனும் பொற்றாசியமும் நிறைய உண்டு. களையென்று வெட்டி எறியப்படும் அச்செடி, விதை முற்றுமுன் வெட்டப்பட்டால் நல்ல எருவாகும். பதுளை, பசறை போன்ற சற்றே வெப்பமான இடங்களில் வேலிக்கு நட்ட கிளிரிசிடியாவின் இலையும் அத்தகையதே.

மீன், இறைச்சிக் கழிவை இடுதல் கூடாது. நாயும் எலியும் குவியலைக் கிளறும். எலி பெருகும் இடத்தில் எலிக்காய்ச்சலும் அணுகும் என்பதை வயலில் இறங்குவோர் அறிவர். வாடல் நோய் கண்ட தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளைக் குவியலிற் சேர்த்தால் நோயை ஒரு பாத்தியிலிருந்து எல்லாப் பாத்திகளுக்கும் பரப்பியவாறாகும்.

தொடங்குங் காலமும் முக்கியமானது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவை வறண்ட காற்றாகவே அடைகின்றது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிற் சிறப்பான மணத்தைத் தருவதும் இக்காற்றே. ஒக்டோபர் மாதத்துக்குப் பின்னர் வடகீழ்ப் பருவமழை தொடங்கும். கூட்டெரு மக்குவதற்கு மூன்று அல்லது நான்கு மாதங்கள் செல்லும். ஜூன் மாதத்தில் அடுக்கிய குவியல் பெரும்போகத்துக்கு ஆயத்தமாகிவிடும். வறட்சியில் அது காய்ந்துவிடாதபடி அரிசி கழுவிய நீரை ஊற்றி, வாழையிலை அல்லது மானாப்புல்லால் மூடி வைத்தல் நன்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை முள்ளினாற் புரட்டிவிடல் வேண்டும். சவர்க்கார நீரைக் குவியலில் ஊற்றாமல், ஒரு சிறு வாய்க்கால் வழியே வாழைக்கோ சேம்புக்கோ பாயவிடலாம். தேங்கி நின்றால் நுளம்பு பெருகும்.

நெற்செய்கையாளருக்கு வைக்கோலைப் பற்றி ஒரு சொல். நெற்பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கும், நைதரசனில் ஐந்தில் இரண்டு பங்கும் அறுவடையின்போது வைக்கோலிலேயே தங்கியுள்ளன. சூடடித்த இடத்தில் அதற்குத் தீ வைத்தால் நைதரசன் அனைத்தும் புகையாய்ப் போகும். எஞ்சும் சாம்பலும் ஓரிடத்திலேயே குவிந்து கிடக்கும். வயலெங்கும் பரப்பி, உழவுக்குச் சில வாரங்களின் முன்னரே மண்ணில் மடித்துவிடுதல் வேண்டும். மிஞ்சிய வைக்கோலை, மாடு வளர்க்கும் தோட்ட வீடுகளுக்குக் கொடுத்துச் சாணத்தைப் பெற்றுக்கொள்ளுதல் இரு திறத்தாருக்கும் ஆதாயம்.

மக்காதவற்றை மண்ணிற் சேரவிடலாகாது. சோறு பொதி செய்யும் பொலித்தீன் தாள்கள் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. வாழையிலையோ கொல்லையிலேயே கிடைக்கின்றது. பூச்சிமருந்துப் போத்தல்களோ பொலித்தீனிலும் கொடியவை. அவற்றைக் கழுவி மண்ணெண்ணெயோ பாலோ ஊற்றி வைக்கும் வழக்கம் எக்காரணங் கொண்டும் கூடாது. வெறுமையான போத்தலை மூன்று முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலின் அடியைத் துளைத்துவிடுக. துளைத்த போத்தலை எவரும் மறுபடி குசினிக்குக் கொண்டுசெல்லார்.

குவியலின் நடுவே ஒரு கம்பைச் செருகி, சற்று நேரங்கழித்து எடுத்துத் தொட்டுப் பார்க்க. சூடு இருந்தால் இன்னும் மக்கி முடியவில்லை. சூடு தணிந்து, கரிய நிறமும் மழை பெய்த மண்ணின் மணமும் வந்ததும், சதுர யாருக்கு ஒரு சிறு கூடை வீதம் பாத்தியில் இட்டு, மேல்மண்ணுடன் கலந்து, அன்றைக்கே நாற்றை நடலாம்.