பாங்காக் பிரயாணமும் பஜாரில் உலவும் பேச்சும்

தீபாவளி வியாபாரம் முடிந்து, வெளியூர்க் கணக்குகள் வசூலாகி, பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்திருக்கும் பருவத்தில், சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பஜார்களில் தாய்லாந்துப் பிரயாணத்தைப் பற்றிய பேச்சு எழுவது இக்காலத்தில் சகஜமாகிவிட்டது. பொதிகை விரைவு வண்டியில் இரவு ஏறிக் காலையில் சென்னையில் இறங்கினால், அங்கிருந்து ஏறத்தாழ மூன்றரை மணி நேர விமானப் பிரயாணத்தில் பாங்காக்கை அடைந்துவிடலாம் என்பதும், அதற்காகும் செலவு நடுத்தரக் குடும்பத்தினருக்கும் எட்டாத தொகை அன்று என்பதும் இப்பேச்சுக்குக் காரணங்கள். இந்த உற்சாகம் நல்லதே. ஆனால் அதனோடு கூடவே, முன்பு போய் வந்தவர் சொன்னது, ஏஜெண்ட் சொன்னது, கைபேசியில் யாரோ அனுப்பியது என்று பலவகை நம்பிக்கைகளும் வாய்க்கு வாய் பரவி நிலைபெற்றுவிட்டன. அவற்றுட் சில பணத்தை மட்டுமே கொண்டுபோகின்றன. வேறு சில வாலிபர்களையே கொண்டுபோகின்றன. அதனால்தான் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

இவற்றில் முதன்மையானது, தாய்லாந்து விசா வேண்டாத தேசம், ஆகையால் போனவர் இஷ்டம்போல் தங்கலாம் என்னும் நம்பிக்கை. முன்னர் இந்தியப் பிரஜைகளில் பெரும்பாலோர் அங்கே விமான நிலையத்தில் இறங்கி, 2,000 பாட் கட்டணம் செலுத்தி, 15 நாள் தங்குவதற்கு விசா பெற்று வந்தனர். 2023 நவம்பர் 10 முதல் 30 நாள் வரை விசாவின்றித் தங்கலாம் என்றும், 2024 ஜூலை 15 முதல் 60 நாள் வரை தங்கலாம் என்றும் அந்நாட்டு அரசு சலுகையை விரித்தது. ஓராண்டுக்குள் விதி இருமுறை மாறியது என்பதையே இதில் நாம் கவனிக்க வேண்டும். கூட்டிய அரசுக்குக் குறைக்கவும் அதிகாரம் உண்டாகையால், சென்ற வருஷம் போய் வந்த பக்கத்துக் கடைக்காரரின் அனுபவத்தை ஆதாரமாகக் கொள்ளாமல், சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் அன்றைய அறிவிப்பைப் பார்த்த பின்னரே டிக்கெட் வாங்குவது உத்தமம்.

விசா விலக்கு என்பது, புறப்படும் முன்பே மனுச் செய்து காத்திருக்க வேண்டியதில்லை என்ற சலுகை மாத்திரமே. அனுமதி வேண்டியதில்லை என்பது அதன் பொருளன்று. குடிவரவு அதிகாரி பாஸ்போர்ட்டில் பதிக்கும் முத்திரையும் அதிலுள்ள தேதியுமே அங்கே நம்மை ஆளும் சட்டம். திரும்பும் டிக்கெட், தங்குமிடத்தின் விவரம், ஆளொன்றுக்கு 20,000 பாட் பெறுமானமுள்ள பணம் ஆகியவற்றை அவர் கேட்டால் காட்ட வேண்டும். திருப்தி ஏற்படாவிடில் அடுத்த விமானத்திலேயே திருப்பியனுப்பவும் அவருக்கு அதிகாரமுண்டு. 2025 மே 1 முதல், வருகைப் படிவத்தையும் இணைய வழியே, வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பிவிட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

நம் வட்டாரத்து ஜனங்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாக்பூர் லைசென்ஸ் என்றும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்றும் நாம் வழங்கும் உரிமம் ஒவ்வொன்றும், எந்த அறையில் எத்தனை பேர் அமரலாம், எவ்வளவு மருந்து வைத்துக்கொள்ளலாம், எந்த ரகம் செய்யலாம் என்ற நிபந்தனைகளின் தொகுதியேயன்றி, பட்டாசுத் தொழில் செய்யலாம் என்ற பொதுவான ஆசீர்வாதம் அன்று என்பதை ஒவ்வொரு போர்மேனும் அறிவார். சுற்றுலா அனுமதியும் அத்தன்மையதே: சுற்றிப் பார்க்க, இத்தனை நாள், இன்ன தேதி வரை, அதற்கு அப்பாற்பட்டதெல்லாம் மீறல்.

மீறினால்தான் என்ன, திரும்பும்போது அபராதம் கட்டிவிட்டால் போயிற்று என்பது அடுத்த நம்பிக்கை. பாதி உண்மையாக இருப்பதாலேயே இது முழுப் பொய்யைவிட அபாயகரமானது. காலம் கடந்து தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் வீதம், உச்சமாக 20,000 பாட் வரை அபராதம் என்பது மெய்யே. ஆனால் 90 நாளுக்கு மேல் அதிகப்படியாகத் தங்கியவர், தாமாகவே விமான நிலையத்தில் ஆஜராகி அபராதத்தைச் செலுத்தினாலும், ஓராண்டுக்கு அந்நாட்டுக்குள் மீண்டும் நுழைய முடியாது. மீறிய காலம் ஓராண்டைத் தாண்டினால் தடை மூன்றாண்டாகவும், மூன்றாண்டைத் தாண்டினால் ஐந்தாண்டாகவும், ஐந்தாண்டைத் தாண்டினால் பத்தாண்டாகவும் உயரும். தாமாக ஆஜராகாமல் போலீஸாரிடம் பிடிபட்டவருக்கோ, மீறல் ஓராண்டுக்குட்பட்டதாயினும் ஐந்தாண்டுத் தடை, மேற்பட்டதாயின் பத்தாண்டுத் தடை. இடையில் குடிவரவுக் காவலில் அடைபட்டிருக்க வேண்டியதும் நேரும்.

“வெள்ளைக்காரர்கள் வருஷக்கணக்கில் அங்கே சுகமாக இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?” என்று கேட்போரும் உண்டு. பட்டாயாவிலும் சியாங்மாயிலும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும் ஏராளமாகக் குடியிருப்பதைக் கண்டு எழும் வினா இது. அவர்களும் சுற்றுலா முத்திரையின் பலத்தில் அங்கே காலம் கழிக்கவில்லை என்பதே விடை. ஓய்வுக்கால அனுமதியில் தங்குவோர் 50 வயது நிறைந்தவராயிருக்க வேண்டும். வங்கியில் 8,00,000 பாட் இருப்போ, மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை தம் விலாசத்தைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அந்நியர் ஒருவர் வீட்டில் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரும் தகவல் கொடுக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி பெறாமல் எல்லையைக் கடந்தால், இவ்வளவு சிரமப்பட்டுப் பெற்ற தங்கும் அனுமதியே ரத்தாகிவிடும். நிலம் வாங்கும் உரிமை அந்நியருக்குப் பொதுவாக இல்லை. அடுக்குமாடிக் கட்டிடத்தில் வீடு வாங்கலாம், அதுவும் அக்கட்டிடத்தின் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் அந்நியர் கைக்குப் போகக் கூடாது. பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்து, தாய்லாந்துப் பெண்ணை மணந்து, அந்நாட்டு மொழியும் பேசும் மேனாட்டார்கூட, தம் பாஸ்போர்ட்டின் தேதிகளை மறவாமல் நாட்களை எண்ணியே வாழ்கிறார்கள். இவ்விஷயத்தில் தோலின் நிறத்துக்குத் தனி நியாயம் கிடையாது.

ஓய்வுக்கால அனுமதி பெற்ற மேனாட்டாருக்கே சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதியில்லை என்னும்போது, சின்னதாக ஒரு கடை போட்டோ சலூன் வைத்தோ பிழைத்துக்கொள்ளலாம் என்று புறப்படும் நம் இளைஞருக்கு அது எவ்வாறு சாத்தியமாகும்? முடி திருத்துதல், வாகனம் ஓட்டுதல், சுற்றுலா வழிகாட்டியாக இருத்தல், வீதியில் சரக்கு விற்றல் முதலிய தொழில்களை அந்நாட்டுச் சட்டம் தன் பிரஜைகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. மற்ற வேலைகளுக்கும் தகுந்த விசாவும், அதற்கு மேல் தனியாக வேலை அனுமதிச் சீட்டும் வேண்டும். அந்நியர் ஒருவரை நியமிக்கும் சாதாரண கம்பெனி, அதற்கு ஈடாக நான்கு தாய் நாட்டவருக்கு உத்தியோகம் கொடுத்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

தாய்லாந்து வெறும் கேளிக்கை பூமி, அதன் ஜனங்களுக்கும் நமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்ற அபிப்பிராயம் வருத்தத்துக்குரியது. ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரைத் தன்னகத்தே கொண்ட மாவட்டத்தில் இவ்வாறு பேசப்படுவது மேலும் வருத்தத்துக்குரியது. திருப்பாவை, திருவெம்பாவை ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கிய மார்கழி, தை மாதச் சடங்குகளைப் பாங்காக்கின் அரசவை அந்தணர்கள் இன்றும் நடத்தி வருகின்றனர். அச்சடங்கின் அங்கமாக 1935 வரை ஆட்டப்பெற்ற பெரிய ஊஞ்சலின் செந்நிறத் தூண்கள் சுதாட் விஹாரத்தின் முன் நிற்கின்றன. சீலோம் வீதியில் தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலில், நம்மவரைவிடத் தாய் பக்தர்களே மிகுதியாகத் திரளுவர். காஞ்சனபுரிப் பக்கம், 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட ரயில் பாதையில், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாக மடிந்தனர். இன்னும் அருகிலுள்ள துக்கம் ஒன்றும் உண்டு: 2024 ஜனவரி 17 அன்று சுபன்புரி மாகாணத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் 23 பேர் மாண்டனர். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் என்ன நேர்ந்தது என்று அறிந்தவர்களுக்கு அந்தக் குடும்பங்கள் அந்நியராகத் தோன்ற நியாயமில்லை.

ஆகவே, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதும், பெரியவர் முன் கால் நீட்டாதிருப்பதும், பிறர் தலையைத் தொடாதிருப்பதும், கைகூப்பி வணங்குவதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடங்கள் அல்ல. புதிதாக அறிய வேண்டியவை சட்டங்களே. அரசரையும் அரச குடும்பத்தினரையும் அவமதிப்பது 3 முதல் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மின்சிகரெட் அங்கே சட்டவிரோதம். புத்தர் சிலைகளை நினைவுப் பொருளாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட முடியாது. அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

பெட்டி என்றதும், நம் பகுதிக்கே உரிய ஒரு நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். கம்பி மத்தாப்பும் தீப்பெட்டியும் நமக்கு வீட்டுச் சாமான்களாகிவிட்டதால், வெளிநாட்டு நண்பருக்குச் சிவகாசியின் அன்பளிப்பாக இரண்டு பெட்டி கொண்டுபோனால் என்ன என்று நினைப்பவர் பலர். கைப்பையிலும் ஆகாது, சரக்காக ஏற்றும் பெட்டியிலும் ஆகாது. மத்தாப்பு ஒரு கம்பியாயினும் விமானத்தில் வெடிபொருளே. பையைத் துடைத்துச் சோதிக்கும் கருவிகள் வெடிமருந்தின் நுண்துகளையும் கண்டுபிடிக்க வல்லவையாதலால், ஆலைக்குத் தினமும் எடுத்துச் சென்ற பையையே பிரயாணத்துக்கும் எடுத்துக்கொள்ளாமலிருப்பது நலம்.

இதனினும் கொடியது பிறர் பெட்டியைச் சுமக்கும் விஷயம். போக வர டிக்கெட்டும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து, வரும்போது ஒரு பை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லி அனுப்பப்படுபவர்களைக் ‘குருவி’ என்று நம்மூரில் அழைக்கிறார்கள். பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் அபூர்வ ஆமைகளும் பாம்புகளும் குரங்குக் குட்டிகளும் உயர்ரகக் கஞ்சாவும் சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரிகளிடம் அகப்பட்ட செய்தி அடிக்கடி வருவது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மைதான். 2025 ஜூனில் அதையே மருத்துவரின் சீட்டுக்குக் கட்டுப்படுத்திவிட்டது என்பதும் உண்மை. இந்திய மண்ணிலோ 1985ஆம் ஆண்டுச் சட்டம் அணுவளவும் தளரவில்லை. பெட்டியில் இருந்தது எனக்குத் தெரியாது என்பவர், தெரியாது என்பதைத் தாமே நிரூபிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. பெட்டியைக் கொடுத்தவர் விமான நிலையத்தின் பக்கமே வருவதில்லை.

கடைசியாக, பலருடைய வாழ்வைக் குலைத்த நம்பிக்கை: “சுற்றுலாவாகப் போ, வேலை விசாவை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்.” பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்த 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்ததும், அதன் பின்னரும் வேலை நாட்கள் நிச்சயமற்றுப் போனதும் இந்தப் பேச்சுக்குச் செவிசாய்க்கும் மனத்தை இங்கே உண்டாக்கியிருக்கின்றன. கணினி அறிந்த இளைஞருக்கு பாங்காக்கில் நல்ல சம்பளம் என்று ஆசைகாட்டி அழைத்துச் சென்று, விமான நிலையத்திலிருந்து நேராக மேசோட் எல்லைக்குக் கடத்தி, மோய் ஆற்றைத் தாண்டி மியான்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைத்து வைத்து, இணைய மோசடி வேலையை அடியுதையோடு செய்வித்த கதை தமிழ்நாட்டு வாலிபர்கள் பலருக்கு நேர்ந்தது. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இதுபற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. அதன் பின்னரும் போனவர்கள் ஏராளம்; 2025 மார்ச்சில் மேசோட்டிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுவர வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் பாஸ்போர்ட்டைப் பற்றிய குழப்பம் ஒன்றையும் நீக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், குடியகல்வு அனுமதி தேவை என்பதைக் காட்டும் இ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். தீப்பெட்டி ஒட்டவும் திரி நறுக்கவும் படிப்பை நடுவில் விட்டவர்கள் மிகுந்த நம் கிராமங்களில் இது அபூர்வமன்று. அவர்கள் தாய்லாந்துக்குப் போகவே முடியாது என்பதும் பிழை, அந்தக் குறிப்புக்கு இப்போது அர்த்தமில்லை என்பதும் பிழை. சுற்றிப் பார்த்துத் திரும்புவதற்குத் தடையில்லை. ஆனால் குடியகல்வு அனுமதி தேவைப்படும் 18 தேசங்களில் தாய்லாந்தும் ஒன்றாதலால், வேலைக்குப் போவதாயின் இவர்கள் அவ்வனுமதியையும், 10 லட்ச ரூபாய் காப்பீட்டையும் பெற்றே புறப்பட வேண்டும். இதை வீண் தொந்தரவு என்று கருதிச் சுற்றுலாப் பயணியாக வேஷம் போடச் சொல்லும் ஏஜெண்ட், அந்த ஏழைக்கு இருந்த ஒரே கவசத்தைக் கழற்றி எறிகிறார்.

1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் அரசாங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை இ-மைகிரேட் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். ஜி.எஸ்.டி. நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்க அவருக்கு உரிமையில்லை. வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுக்கக் கடமையுண்டு. பாஸ்போர்ட்டின் நகல், வேலை ஒப்பந்தத்தின் நகல், ஏஜெண்டின் விலாசம் ஆகிய மூன்றும் பிள்ளை ரயில் ஏறும் முன்பே தாய் தகப்பன் கையில் இருக்க வேண்டும். பிள்ளையிடமிருந்து தகவல் நின்றுபோனால், ஏஜெண்ட் சொல்லும் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு நாட்களைக் கடத்தாமல், இந்த நகல்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் அன்றே மனுக் கொடுத்து, பாங்காக்கிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் எழுத வேண்டும்.