மதுப் பணமும் நிலத்து வருமானமும்

அன்புள்ள தம்பிக்கு,

"டாஸ்மாக்கை மூடிவிட்டால் அரசாங்கம் எதை வைத்து நடக்கும்?" என்று கேட்டு எழுதியிருந்தாய். இதே கேள்வி 1937-லும் எழுந்தது.

அன்றைய சென்னை மாகாணத்தின் பெரிய வருவாய்கள் நிலவரியும் ஆப்காரியும். கள்ளுக்கும் சாராயத்துக்கும் தீர்வை, மரவரி, கடை ஏலம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆப்காரி. 1937 அக்டோபர் 1 முதல், மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை அமல்படுத்தினார். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களிலும் கடைகள் மூடப்பட்டன. அதனால் வருவாயில் விழுந்த பள்ளத்தை அடைக்க அவர் 1939-இல் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. இந்தியாவில் அத்தகைய வரி அதுவே முதல். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அவர் அசையவில்லை. மதுப் பணம் இல்லாமல் ஆள முடியாது என்ற பேச்சுக்கு அது நேரான பதில்.

அண்மைக் கணக்கைப் பார். 2023-24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். அதில் ஆயத்தீர்வை ஏறக்குறைய 10,774 கோடிதான். மீதி 35,000 கோடிக்கு மேல் மதிப்புக் கூட்டு வரி, அதாவது பழைய விற்பனை வரியின் வாரிசு. மதுவை விலக்க வந்த வரி, மதுவிலிருந்தே அதிகம் வசூலிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது குடிக்கும் மது அதற்குள் சேர்க்கப்படவில்லை. பல பொருள்களுக்குத் தாமாக வரி விதிக்கும் உரிமையை இழந்த மாநிலங்களுக்கு, கைவசம் எஞ்சிய சிலவற்றில் மதுவும் ஒன்று. மதுவின்மேல் அவற்றின் பிடி இறுகியதற்கு அதுவும் காரணம்.

ஆனால் மாநிலத்துக்கு வேறு வழியும் உண்டு. அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 51-வது இனம் மதுத் தீர்வை என்றால், 46-வது இனம் வேளாண் வருமான வரி. மத்திய வருமான வரிச் சட்டம் விவசாய வருமானத்தைத் தொடுவதில்லை. தொடும் அதிகாரம் மாநிலத்துக்கே உண்டு. தேயிலையை எடுத்துக்கொள். பயிரிட்டுத் தயாரித்து விற்கும் கம்பெனியின் வருமானத்தில் 40 விழுக்காட்டை மத்திய அரசு வரிக் கணக்கில் எடுக்கிறது. மீதி 60 விழுக்காடு விவசாய வருமானம். அது மாநிலத்தின் பார்வைக்கு உரியது.

மழையை நம்பி நிலக்கடலை போடும் மானாவாரி விவசாயியிடம் கைநீட்டச் சொல்லவில்லை. அவன்மேல் வரி போடுவது பாவம். கோடிக்கணக்கில் ஈட்டும் பெருந்தோட்டங்களைத்தான் சொல்கிறேன். அவர்களிடம் கேட்டால் எதிர்ப்பு வரும், வழக்கு வரும். சித்தாள் வேலை முடித்துக் குவார்ட்டர் வாங்குகிறவன் வழக்குப் போடமாட்டான். அவன் கூலி வீட்டுக்குப் போகாமல் கஜானாவுக்குப் போகிறது. இது அநியாயமான வரி. குடும்பத்துச் சோற்றில் கைவைக்கும் வரி.

அடுத்த பட்ஜெட் வரும்போது வரவு இனங்களைத் தேடிப் படி. 0039 ஆயத்தீர்வை, 0022 வேளாண் வருமான வரி. மதுவின் பெரும்பகுதி 0040 விற்பனை வரிக்குள் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க மதுவிலக்குத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வேண்டும். ஆயத்தீர்வை, மதுவின் விற்பனை வரி, வேளாண் வருமான வரி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உன் நண்பர்களிடம் காட்டு.

அன்புடன்,
அண்ணன்