வாசலிலும் கொல்லையிலும் என்ன நடலாம்?



இந்த மாதப் பாடம் வீட்டைச் சுற்றி வைக்கிற செடி, மரம் பற்றியது. "இதுல படிக்க என்ன இருக்கு, குச்சியை ஊன்றினா முளைக்கப் போகுது" என்று சிலர் நினைக்கலாம். முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

வண்டியில் கொண்டுவந்து விற்கிற ரோஜா, குரோட்டன்ஸ் என்று பத்துச் செடி வாங்கி வைக்கிறோம். கோடையில் ஒரு செடிக்கு ஒரு நாளைக்கு அரைக்குடம் தண்ணீர் என்றால், பத்துச் செடிக்கு ஐந்து குடம். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்துக்கு 450 குடம். இதைத் தூக்கப் போவது யார்? வீட்டு ஆம்பளைகளா? நாம்தான். குழாயில் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வருகிற ஊரில் இது நடக்கிற காரியமில்லை. ஆனி மாதம் பார்த்தால் தொட்டி இருக்கும், செடி இருக்காது. கொடுத்த காசும் போச்சு.

அதனால் ஒரு கன்றை வாங்கும் முன் நாம் கேட்க வேண்டியது, பூ என்ன நிறம் என்பதல்ல. "இரண்டாவது கோடையில் நான் தண்ணீர் ஊற்றாமல் விட்டாலும் இது நிற்குமா?" என்று கேளுங்கள். முதல் வருஷம் எந்தக் கன்றுக்கும் தண்ணீர் வேண்டும், வேம்புக்கும் வேண்டும். அதற்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

நம்ம பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில்தான். இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மரங்கள் அதற்குத் தகுந்தபடி வளர்கின்றன. வேம்பு வேரை ஆழமாக இறக்கிக்கொள்ளும். கரூர், காங்கேயம் பக்கம் கொறங்காட்டைச் சுற்றி கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள். கோடையில் இலையெல்லாம் கொட்டி மொட்டைக் குச்சியாக நிற்கும். செத்துப்போச்சு என்று பிடுங்கிவிடாதீர்கள், மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். இலையை விட்டுவிட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்கிற சாமர்த்தியம் அது.

ஆனால் தாங்கி வளர்கிறது என்பதற்காக எதையும் வைத்துவிடக் கூடாது. சீமைக்கருவேலம் தாங்காத வறட்சியா? வெளிநாட்டிலிருந்து வந்த மரம் அது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கண்மாய், தரிசு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உண்ணிச்செடியும் ஒரு காலத்தில் பூவுக்காகத் தோட்டத்தில் வைக்க வந்ததுதான். இன்று காடுகளில் புல் முளைக்க விடாமல் பரவிவிட்டது. அதைத் தின்கிற மாட்டுக்கும் கேடு.

அரளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தண்ணீர் கேட்காது, ஆடு மாடு கடிக்காது, வருஷம் முழுக்கப் பூக்கும். அதனால்தான் நான்குவழிச் சாலை நடுவில் வரிசையாக வைக்கிறார்கள். ஆனால் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம். மஞ்சள் பூ பூக்கிற பொன்னரளியின் கொட்டை உயிரையே எடுத்துவிடும். தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டு வாசலில் இது வேண்டவே வேண்டாம். வெட்டிப் போட்ட கிளையைப் பசியோடு வருகிற ஆடு கடித்தாலும் ஆபத்துதான். யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சாமிக்குப் பூ வேண்டும் என்றால் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இருக்கவே இருக்கின்றன.

வேலிக்கு எங்கள் யோசனை நொச்சியும் ஆடாதோடையும். இரண்டையும் ஆடு சீண்டாது. நொச்சி இலையைக் குதிருக்குள் போட்டால் தானியத்தில் வண்டு விழாது என்று நம் பாட்டிமார் போட்டு வைத்தார்கள். சாயங்காலம் மூட்டம் போட்டால் கொசுவுக்கும் ஆகும். மருதாணியும் நல்ல வேலிதான், வெட்ட வெட்ட அடர்த்தியாகும். அந்த வேலியிலேயே முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை ஏற்றிவிட்டால் ரசத்துக்கும் துவையலுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மேற்கு வெயில் அடிக்கிற சுவருக்கு நேராகப் புங்கனோ வேம்போ ஒன்று வையுங்கள். ஓட்டு வீடானாலும் சிமென்ட் ஷீட் வீடானாலும் மத்தியானம் உள்ளே இருக்க முடியும். சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி இருக்கட்டும். ஆல், அரசு வீட்டுப் பக்கமே வேண்டாம், அதன் வேர் சுவரைப் பிளந்துவிடும். முருங்கை கட்டாயம் ஒன்று வேண்டும், ஆனால் கொல்லை மூலையில். கிளை காற்றுக்குச் சட்டென்று ஒடியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சியும் வரும். துவைக்கிற கல், குளிக்கிற இடத்துத் தண்ணீர் போகிற வழியில் வாழை அல்லது கல்வாழை. சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடாதீர்கள். அரிசி கழுவின தண்ணீர் கறிவேப்பிலைக்கு.

"கல்வாழை நாட்டுச் செடியா? சீத்தா வெளிநாட்டுல இருந்து வந்ததாமே?" என்று படித்த பிள்ளைகள் கேட்கும். உண்மைதான், ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். அந்த அளவுக்குச் சாதி பார்க்க வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டைப் பிடிக்காமல், நம் தண்ணீரைக் கேட்காமல், பிள்ளைக்கும் ஆட்டுக்கும் கெடுதல் செய்யாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

இடம் அதிகம் இருப்பவர்கள் எல்லையோரம் பனங்கொட்டை ஊன்றுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாப் பக்கம் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது, பனை பெரும்பாலும் நின்றது. பலன் நமக்கு உடனே வராது, பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். பேரப்பிள்ளைக்கு ஆகட்டும்.

நடுகிற முறை: மரக்கன்றுக்கு ரெண்டடி நீளம், அகலம், ஆழம் குழி. அடியில் தேங்காய் மட்டையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்கப் பரப்பி, மேல்மண்ணும் மக்கின சாண எருவும் கலந்து மூடுங்கள். மழை தொடங்கும் புரட்டாசிக் கடைசியில் நட்டால் முதல் மூன்று மாதத்து வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். முதல் கோடைக்குக் கன்றின் பக்கத்தில் ஒரு பழைய மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் திரி வையுங்கள். மூன்று, நான்கு நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். தூரைச் சுற்றிச் சருகு போட்டு மூடுங்கள். ஆடு நுழையாமல் முள் கட்ட மறக்க வேண்டாம், வெயிலில் சாகிற கன்றைவிட ஆடு கடித்துச் சாகிறதுதான் அதிகம்.

இதற்கெல்லாம் கடன் வாங்க அவசியமில்லை. நொச்சி, முருங்கை, கிளுவை மூன்றும் குச்சி வைத்தால் வரும். குழுவில் யார் வீட்டில் எது இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுத் தீர்மான நோட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். புரட்டாசிக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு நான்கு குச்சி, ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். குச்சி கட்டைவிரல் பருமன் இருக்கட்டும். வெட்டின அன்றே ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.