தூணில் ஒட்டாத தீப்பந்தம்

கேள்வி: கோயில் மண்டபத்தில் எடுத்த ஒரு ஷாட்டுக்கு மேட்ச்மூவ் செய்துகொண்டிருக்கிறேன். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே வேகமாகப் பேன் செய்திருக்கிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம். பக்கத்தில் இருக்கும் தூணில் ஒரு சிஜி தீப்பந்தம் பொருத்த வேண்டும். சால்வ் எரர் 3 பிக்சலுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரோலிங் ஷட்டர் ரிப்பேர் போட்டுவிட்டு ட்ராக் செய்தால் தூரத்துக் கோபுரம் அசையாமல் நிற்கிறது. தூணில் தீப்பந்தம் வழுக்குகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டி மறுபடி எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். எடுக்கச் சொல்லலாமா?
— வாசகர், சென்னை

பதில்: வேண்டாம், பணம்தான் வீண். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் மோஷன் பிளர் குறையும்; தூணின் சாய்வு அப்படியே இருக்கும், இன்னும் கூர்மையாகக்கூடத் தெரியும். ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குகிறது என்பது ஷட்டர் வேகம். சென்சாரின் முதல் வரியைப் படிக்கத் தொடங்கிக் கடைசி வரிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேறு கணக்கு. உங்களைப் படுத்துவது இந்த இரண்டாவது; ரோலிங் ஷட்டர் சாய்வு வருவது இதனால்தான்.

அந்த நேரம் 20 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு 41.7 மில்லிசெகண்ட். ஆக, படத்தின் அடிவரி மேல்வரியைவிடக் கிட்டத்தட்ட அரை ஃபிரேம் பிந்தியது. தூண் ஒரு ஃபிரேமுக்கு 60 பிக்சல் நகர்ந்தால் அதன் அடி, உச்சியிலிருந்து சுமார் 29 பிக்சல் விலகி நிற்கும். அதே ஃபிரேமில் கோபுரம் 10 பிக்சல்தான் நகர்கிறது என்றால் அதன் சாய்வு 5 பிக்சலோடு முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே அளவு நிமிர்த்தல் எப்படிப் பொருந்தும்? கோபுரம் நின்று தூண் வழுக்கியதற்குக் காரணம் இதுதான். கேமரா இருந்த இடத்திலேயே திரும்பியிருந்தால் படத்தை நிமிர்த்தும் வேலை ஓரளவு எடுபட்டிருக்கும். நடந்துவிட்டார்களே! ரோலிங் ஷட்டர் ரிப்பேரில் இருக்கும் பிக்சல் மோஷன் முறை ஒவ்வொரு பகுதியின் நகர்வையும் தனித்தனியாக ஊகிக்கப் பார்க்கும். ஆனால் தூண் பின்னணியை மறைத்துத் திறக்கும் விளிம்பில் அது பிசகும். உங்கள் தீப்பந்தம் இருப்பதும் அந்த விளிம்புக்குப் பக்கத்தில்தான்.

இது டிஜிட்டல் காலத்து நோயும் அல்ல. 1910களில் ழாக் ஆன்றி லார்த்தீக் எடுத்த பந்தயக் கார் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். சக்கரம் முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்க்கும் ஆட்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். திரைச்சீலை ஷட்டரின் இடுக்கு படத்தைக் கடந்துபோன நேரத்தில் அவர் கேமராவையும் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்கு எட்டவில்லை. ஒரே படத்தில் இரண்டு திசைச் சாய்வு.

ஆகவே படத்தைத் தொடாதீர்கள். மூலப் பிளேட்டையே ட்ராக் செய்து, படிக்கும் நேரத்தைச் சால்வருக்குச் சொல்லுங்கள். 3டி ஈக்வலைசர், சிந்த்ஐஸ் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. ஒவ்வொரு ட்ராக் புள்ளியும் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியின் நேரத்தைக் கணக்கிட்டு, அந்தப் புள்ளி நகரும் வேகத்துக்கு ஏற்ப அதன் இடத்தைச் சால்வர் திருத்தும். தூணுக்குத் தூணின் வேகம், கோபுரத்துக்குக் கோபுரத்தின் வேகம். சில மென்பொருள் மில்லிசெகண்டில் கேட்கும், சில ஃபிரேமில் எத்தனை பங்கு என்று கேட்கும், கவனித்துப் போடுங்கள்.

எண் தெரியாவிட்டால் அளந்துவிடலாம். அதே கேமரா, அதே ரெசல்யூஷன், அதே சென்சார் மோட். மோட் மாறினால் எண்ணும் மாறும். பழைய சோக் போட்ட டியூப்லைட்டை வெள்ளைச் சுவரில் அடிக்கவிட்டு, ஷட்டரை 1/2000 வைத்து எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். படத்தில் தெரியும் ஒரு வெளிச்சப் பட்டையும் ஒரு இருட்டுப் பட்டையும் சேர்ந்தால் 10 மில்லிசெகண்ட். மேலிருந்து கீழாக இரண்டரை ஜோடி தெரிந்தால் 25. ஜெனரேட்டரில் ஓடும் விளக்கை நம்ப வேண்டாம்.

பிளேட்டை 16:9-இலிருந்து 2.39-க்கு வெட்டிக் கொடுத்திருந்தால் உயரத்தில் முக்கால் பங்குதான் மிச்சம். 20 என்பது 15 ஆகும். கேமராவைத் தலைகீழாக மாட்டி எடுத்துப் படத்தைத் திருப்பியிருந்தால் எண்ணுக்கு மைனஸ் போட வேண்டும். யாராவது ஏற்கெனவே ஸ்டெபிலைஸ் செய்திருந்தால் அந்தப் பிளேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு மூலத்தைக் கேளுங்கள். வரிக்கும் நேரத்துக்கும் இருந்த தொடர்பு அதில் அறுந்துவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எரர் இறங்கவில்லையே என்று லென்ஸ் டிஸ்டார்ஷனையும் ஃபோகல் லெங்த்தையும் சால்வர் கையில் அவிழ்த்துவிடாதீர்கள். அது சாய்வை லென்ஸ் மேல் ஏற்றி எரரை அழகாகக் குறைத்துக் காட்டும். ரெண்டரில் தீப்பந்தம் பழையபடி வழுக்கும். லென்ஸ் கிரிட் இருந்தால் அந்த எண்களைப் பூட்டிவிட்டு ரோலிங் ஷட்டரை மட்டும் திருத்துங்கள்.

கார் போனட்டில் கட்டிய கேமராவின் நடுக்கத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஒரு ஃபிரேமுக்குள்ளேயே கேமரா பலமுறை ஆடிவிடும். இரண்டு ஃபிரேமுக்கு இடையில் சீரான நகர்வு என்ற ஊகமே அங்கே உடைகிறது. அப்படிப்பட்ட ஷாட் முன்கூட்டியே தெரிந்தால் ரெட் கொமோடோ மாதிரி குளோபல் ஷட்டர் கேமராவை வாடகைக்குக் கேட்கச் சொல்லுங்கள்.

சால்வ் சரியானதும் வேலை முடியவில்லை. இப்போது உங்கள் சிஜி கேமரா நேரானது, பிளேட் சாய்ந்தது. தீப்பந்தத்தையும் வரிவரியாக ரெண்டர் செய்ய வேண்டும். ஆர்னால்டிலும் பிளெண்டரின் சைக்கிள்ஸிலும் கேமராவுக்கு ரோலிங் ஷட்டர் அமைப்பு இருக்கிறது. உங்கள் ரெண்டரரில் அது இல்லையென்றால், தீப்பந்தம் இருக்கும் வரியின் நேரத்துக்குக் கேமரா அனிமேஷனைத் தள்ளி ரெண்டர் எடுங்கள். சின்னப் பொருள்தானே, தூண் அளவுக்கு உயரம் இல்லை, அதற்குள் வரும் சாய்வு கண்ணுக்குத் தெரியாது.