போரும் ஊதிய பாக்கியும்: குவைத் தரும் பாடம்

போரினால் விளையும் நட்டத்தைக் கணக்கிடும்போது இடிந்த பாலங்களும் எரிந்த எண்ணெய்க் கிணறுகளும் முதலில் கண்ணில் படுகின்றன. கொடுபடாத கூலி அவ்வாறு கண்ணில் படுவதில்லை. எனவே சமாதான உடன்படிக்கைகளில் அதற்கு இடம் கிடைப்பதும் அரிது. 1990-ஆம் ஆண்டு குவைத் போர் இதற்கு ஒரு விதிவிலக்காக அமைந்தது. பிழைப்புத் தேடிச் சென்ற சாதாரணத் தொழிலாளியின் இழப்பும் அதில் போர்முடிவு ஏற்பாட்டின் ஓர் அங்கமாகக் கொள்ளப்பட்டது.

1990 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தபோது அங்கு சுமார் 1.7 லட்சம் இந்தியர் இருந்தனர். முதலாளிகளில் பலர் நாட்டை விட்டு வெளியேறிவிட்டனர். அலுவலகங்கள் மூடப்பட்டன, சம்பளம் நின்றது. பின்னர் குவைத் தினார் செல்லாததாக்கப்பட்டு அதனிடத்தில் ஈராக் தினார் புகுத்தப்படவே, கையிலிருந்த சேமிப்பும் மதிப்பிழந்தது. தொழிலாளரின் பாஸ்போர்ட்டை முதலாளியே வைத்துக் கொள்ளும் வழக்கமும் அங்கு இருந்தது. முதலாளி போனபின் அதைத் தேடி எங்கே செல்வது? வீட்டுவேலை செய்த பெண்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் தொழிலாளர் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. அவர்களுக்கெனத் தனிச் சட்டம் குவைத்தில் 2015-இல்தான் இயற்றப்பட்டது.

பெரும்பாலோர் பாக்தாத் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் தலைநகரான அம்மானை அடைந்தனர். அங்கிருந்து ஏர் இந்தியா, ஏறத்தாழ இரு மாதங்களில் 488 பயணங்களில் 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாயகம் சேர்த்தது. இச்சாதனை இன்றும் பெருமையுடன் பேசப்படுகிறது, பேசப்படவும் வேண்டும். ஆனால் விமானத்திலிருந்து இறங்கியவரின் கதை அங்கே முடிந்துவிடவில்லை. விசாவுக்காக வாங்கிய கடன் வட்டியுடன் காத்திருந்தது. கேரளத்தில் இவ்வாறு திரும்பியோர் மிகுதி. வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்ததும் எண்ணெய் விலை ஏறியதும் நாட்டின் அன்னியச் செலாவணி நெருக்கடியைக் கூர்மையாக்கின. 1991-இல் சுமார் 47 டன் தங்கத்தை அயல்நாட்டு வங்கிகளில் அடகு வைக்க நேர்ந்ததற்குரிய காரணங்களுள் இவையும் அடங்கும்.

இழப்பீட்டு ஆணையம்

1991 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 687-ஆவது தீர்மானம், போரினால் நேர்ந்த இழப்புகளுக்கு ஈராக் பொறுப்பேற்க வேண்டும் என விதித்தது. அதே ஆண்டில் ஜெனீவாவில் ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. நிறுவனங்களின் கோரிக்கைகளுக்கும் அரசுகளின் கோரிக்கைகளுக்கும் முன்னதாகத் தனிமனிதரின் கோரிக்கைகளை எடுத்துக் கொள்வது என அது முடிவு செய்தது. போரின் காரணமாக ஈராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேறியதை மெய்ப்பித்தால் போதும், ஒருவருக்கு 2,500 டாலர் நிர்ணயத் தொகை உண்டு. வேறு வகையில் கோரிக்கை இல்லையெனில் அது 4,000 டாலர். சம்பள இழப்பு போன்றவற்றுக்கு 1 லட்சம் டாலர் வரை தனியே கோரலாம். காகிதம் எதுவுமின்றி ஓடி வந்தவர்களின் நிலையை உணர்ந்து வகுக்கப்பட்ட முறை இது எனலாம். அரசுகளின் வழியாகவே மனுக்கள் அனுப்பப்பட்டன. ஏறத்தாழ 27 லட்சம் கோரிக்கைகள் குவிந்தன.

பணம் எளிதில் வந்துவிடவில்லை. ஈராக்கின் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கைக் கொண்டே நிதி திரட்ட வேண்டியிருந்தது. தடைகளினால் எண்ணெய் விற்பனையோ நின்றிருந்தது. 1996 இறுதியில் உணவுக்காக எண்ணெய் விற்கும் திட்டம் தொடங்கிய பின்னரே நிதி சீராகப் பெருகலாயிற்று. அவ்வருவாயில் முதலில் 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 2000-இல் அது 25 ஆகவும் 2003-இல் 5 ஆகவும் குறைக்கப்பட்டது. உணவுக்கும் மருந்துக்கும் தவித்த ஈராக்கியக் குடும்பங்களின் வருவாயிலிருந்து மற்றொரு நாட்டு ஏழையின் கூலி பாக்கி தீர்க்கப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. மொத்தம் 5,240 கோடி டாலர் அளிக்கப்பட்டு, 2022 ஜனவரியில்தான் கடைசித் தவணை செலுத்தப்பட்டது.

குவைத்தின் முன்மாதிரி அப்படியே பிற போர்களுக்குப் பொருந்தாது. தோற்ற தரப்பு தெளிவாக இருந்தது. அதனிடம் எண்ணெயும் இருந்தது. 2011-இல் லிபியாவிலிருந்தும் 2015-இல் ஏமனிலிருந்தும் நம்மவர் மீட்கப்பட்டனர். அவர்களது சம்பள பாக்கியை விசாரிக்க இத்தகைய ஆணையம் ஏற்படவில்லை. 2014-இல் மொசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியக் கட்டுமானத் தொழிலாளர் உயிரிழந்தது 2018 மார்ச்சில் உறுதி செய்யப்பட்டபோது, குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் வழங்கப்பட்டது இந்திய அரசின் தரப்பிலிருந்தேயாகும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2017-இல் ஏற்ற 205-ஆவது பரிந்துரை, அமைதியை மீட்கும் பணியில் வேலைவாய்ப்பை நடுநாயகமாக வைக்கிறது. ஆயினும் பரிந்துரை என்பது உடன்படிக்கை போல் அரசுகளைக் கட்டுப்படுத்தாது.

போர்நிறுத்தப் பேச்சு தொடங்கும்போதே ஊதிய பாக்கியையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கத் தொழிலாளரை அனுப்பிய நாடுகள் ஒன்றுபட்டு முனைய வேண்டும். அதற்குச் சான்று தேவை. வேலை ஒப்பந்தத்தின் ஒரு படியும், கடைசியாகச் சம்பளம் வந்த மாதத்தின் வங்கிக் குறிப்பும் ஊரிலுள்ள குடும்பத்தாரிடம் இருப்பின், பாஸ்போர்ட்டும் இன்றித் திரும்புபவரும் தமக்கு வரவேண்டிய தொகை எவ்வளவென்று எழுத்தில் காட்ட முடியும்.