சட்டத்தின் சொல்லும் கருத்தும்

சூத்திரத்திற்கு உரை காண்போர் சொற்களைப் பிரித்துப் பொருள் கூறுவதோடு அமையாது, ஆசிரியர் எதனைக் கருதி அதனை இயற்றினார் என்பதையும் ஆராய்வர். சட்டத்திற்குப் பொருள் காணும் நீதிபதியின் தொழிலும் அத்தகையதே.

1584-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து நீதிபதிகள், ஹெய்டன் என்பவரது வழக்கில், இதற்கென நான்கு வினாக்களை வகுத்தனர். சட்டம் பிறக்குமுன் இருந்த முறை யாது? அம்முறை நீக்காது விட்ட தீங்கு யாது? அதற்குச் சட்டசபை கண்ட பரிகாரம் யாது? அப்பரிகாரத்தின் உண்மைக் காரணம் யாது? இவற்றை ஆராய்ந்து, தீங்கை அடக்கிப் பரிகாரத்தை வளர்க்கும் பொருளையே கொள்ளுதல் வேண்டும் என்பது அவர்கள் துணிபு. நம் உச்ச நீதிமன்றமும் 1955-இல் இவ்விதியைக் கைக்கொண்டது.

இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் பாலாற்றங்கரையே அதனைத் தரும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் ஆற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய அரசாங்கம் அவசியமெனக் கருதினால் ஓர் அதிகார சபையை நியமிக்கலாம் என்று தன் 3-ஆம் பிரிவில் கூறிற்று. 'நியமிக்கலாம்' என்ற சொல்லை மாத்திரம் நோக்கின், நியமியாது வாளா இருத்தலும் பிழையன்று எனத் தோன்றும். பத்தாண்டுகள் அங்ஙனமே கழிந்தன.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் முதலிய மூவர் தீர்ப்பளித்தனர். தக்க அதிகாரமுள்ள சபையை அமைத்துச் சூழலைக் காப்பதே அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் என்றும், சூழலைக் காத்தல் அரசாங்கத்தின் கடமை என்றும் கூறி, செப்டம்பர் 30-க்குள் சபை அமைக்குமாறு பணித்தனர். சபையும் அமைந்தது. பாழான நிலங்களுக்கும் துன்புற்றோருக்கும் உரிய நஷ்டஈட்டைக் கணக்கிடுதல் அதன் பொறுப்பாயிற்று. பயனளவில், 'நியமிக்கலாம்' என்பது 'நியமிக்க வேண்டும்' என்றாயிற்று.

தோல் தொழிலோ பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுவது. அந்நியச் செலாவணி ஈட்டுவது. அதன் சிறப்பை நீதிமன்றமும் மறுக்கவில்லை. ஆயினும், சூழலை அழிக்கும் உரிமை அத்தொழிலுக்கு இல்லை என்றது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் சாதனங்களை அமைத்துக்கொள்ள நவம்பர் 30 வரை தவணையும் தந்தது.

அங்ஙனமாயின் நீதிபதி தாமே சட்டம் இயற்றுகின்றாரோ எனின், அன்று. நோக்கத்தைச் சட்டத்தின் முகவுரையிலும் பிரிவுகளிலும் அது பிறந்த காரணத்திலும் காணவேண்டுமேயன்றித் தம் விருப்பத்தில் காணலாகாது. ஒரே பொருள் தரும் தெளிந்த சொல்லை மாற்ற அவருக்கும் அதிகாரமில்லை. சட்டம் பயிலும் மாணவர் ஒவ்வொரு பிரிவையும் படிக்குங்கால், இது யாருடைய எத்துன்பத்தைத் தீர்க்கப் பிறந்தது என்று முதற்கண் வினவுவாராக.