அறிவு வரைபடத்திற்கு எல்லை வகுத்தல்

பொருள்களைக் கணுக்களாகவும், அவற்றிடையேயுள்ள உறவுகளைக் கோடுகளாகவும் கொண்டு கணிப்பொறியில் சேமிக்கப்படும் செய்தித் தொகுதி அறிவு வரைபடம் எனப்படும். ‘குருத்துப்பூச்சி நெல்லைத் தாக்குகிறது’ என்பது அதில் ஒரு கோடு. இத்தகைய கோடுகளைச் சேர்ப்பது எளிது; எங்கு நிறுத்துவது எனத் தீர்மானிப்பதே கடினம்.

100 கணுக்களிடையே 4,950 இணைகள் அமையக்கூடும். கணுக்கள் 1,000 ஆயின், இணைகள் 4,99,500. இவையனைத்தும் உறவுகள் ஆகா எனினும், எவை உறவு, எவை அன்று என ஆராயும் உழைப்புப் பெருகிக்கொண்டே செல்லும். மனிதரின் பொது அறிவு முழுவதையும் தொகுக்கும் பொருட்டு, 1984-இல் அமெரிக்காவில் டக்ளஸ் லெனட் தொடங்கிய ‘சைக்’ திட்டம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தும் அந்நோக்கம் முற்றுப்பெறவில்லை.

ஆகவே, வரைபடம் விடையளிக்க வேண்டிய வினாக்களை முதலில் எழுதிக்கொள்ளல் வேண்டும். நெற்பயிர்ப் பூச்சிகளை எடுத்துக்கொள்வோம். களப்பணியாளரிடம் உழவர் பூச்சியின் பெயரைக் கூறுவதில்லை. ‘நடுக்குருத்து காய்கிறது’, ‘கதிர் வெளுத்துவிட்டது’ என்றே கூறுவார். இவ்விரண்டும் குருத்துப்பூச்சியின் வேலையே. பயிரின் பருவம் மட்டுமே வேறு. எனவே அறிகுறி, பருவம், பூச்சி ஆகிய மூன்றும் இன்றியமையாத கணுக்கள். பூச்சியின் குடும்ப வரலாறு வேண்டுவதில்லை.

எல்லையைச் சுருக்கும்போது, வேண்டாதது போல் தோன்றும் ஒன்றை விட்டுவிடும் ஆபத்தும் உண்டு. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஐ.ஆர்.26 ரகம் புகையானை எதிர்ப்பதாக 1973-இல் வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அங்கேயே அதைத் தாக்கவல்ல புகையான் வகை பரவியது. இந்தியப் புகையானையோ அந்த ரகம் தொடக்கத்திலேயே எதிர்க்கவில்லை. ‘ஐ.ஆர்.26 – எதிர்க்கும் – புகையான்’ என்னும் கோடு இடமும் ஆண்டும் இன்றி வரையப்பட்டிருப்பின், அதை நம்பி நட்டவரின் வயல் வட்ட வட்டமாகக் காய்ந்திருக்கும். பத்துப் பூச்சிகளை விடுத்தாலும் விடலாம். இவ்விரு குறிப்புகளை விடலாகாது.

நாள்தோறும் மாறும் விலை நிலவரம் போன்றவை அட்டவணையில் இருப்பதே போதும்.

ஆசிரியர்கள் இதைக் கணிப்பொறியின்றியே கற்பிக்கலாம். மாணவர்கள் ஐந்து வினாக்களை எழுதி, அவற்றிற்கு வேண்டிய கணுக்களை மட்டும் அட்டைகளில் குறித்து நூலால் இணைக்கட்டும். எந்த வினாவிற்கும் பயன்படாத அட்டையை எடுத்துவிடலாம். விடை கிடைக்காத வினாவிற்கு எந்த அட்டை குறைகிறது என்பதையும் அவர்களே கண்டுகொள்வர்.